கடற்கரையில் சார்லஸ் சொன்ன வாக்கியம்

ஜூன் 9, 2011, வியாழன்

சனிக்கிழமை மாலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது. 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்', பிறவியிலேயே விசித்திர ஆற்றல் கொண்டவர்களைப் பற்றிய படவரிசையின் முன்கதை. தம்பியும் வருகிறான். "முடிவு தெரிந்த கதைக்கு ஏன் அக்கா இவ்வளவு பரபரப்பு?" என்று சாப்பிடும்போது கேட்டான்.

முடிவு தெரியும்தான். மனங்களைப் படிக்கும் சார்லஸ் சேவியர் சக்கர நாற்காலிக்குப் போவார், உலோகத்தை ஆட்டிவைக்கும் எரிக் மேக்னட்டோ என்ற வில்லன் ஆவான், இருவரும் எதிரெதிர் அணியில் நிற்பார்கள். ஆனால் 2000-இல் வந்த முதல் படம் எப்படி முடிந்தது? பிளாஸ்டிக் சிறைக்குள் சதுரங்கப் பலகையின் இரு பக்கமும் சார்லஸாகப் பாட்ரிக் ஸ்டுவர்ட்டும் எரிக்காக இயன் மெக்கெல்லனும் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் பகைவர்கள் அப்படி உட்கார மாட்டார்கள். அவர்களுக்குள் என்ன நடந்தது என்பதை அன்றிலிருந்து யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

பயமும் இருக்கிறது. 2006-இல் வந்த மூன்றாவது படம் அத்தனை பெரிய கதையை அவசர அவசரமாக முடித்துவைத்தது. 2009-இல் வந்த வுல்வரினின் முன்கதை, ஓயாமல் பேசுவதற்கென்றே பிறந்த ஒரு பாத்திரத்தின் வாயைத் தைத்து அனுப்பியது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தப் படத்தின் இயக்குநர் மேத்யூ வான், அந்த மூன்றாவது படத்தை இயக்க ஒப்புக்கொண்டு பிறகு விலகியவர். விட்ட இடத்துக்கே திரும்பி வருகிறவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று நம்புகிறேன்.

ஜூன் 11, சனி, இரவு

தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

படம் போலந்தில், 1944-இல், வதைமுகாமின் வாசலில் தொடங்குகிறது. மழை, சேறு, தாயிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன் எரிக், அவன் கதறலுக்கு வளையும் இரும்புக் கதவு. முதல் படத்தின் அதே தொடக்கம். அங்கே காவலன் துப்பாக்கிக் கட்டையால் அடித்ததும் காட்சி முடிந்துவிடும். இங்கே ஒரு ஜன்னலிலிருந்து ஒருவன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த காட்சி அவனுடைய அறை.

ஷாவாக வரும் கெவின் பேக்கன் சிறுவனுக்கு சாக்லேட் நீட்டுகிறார். மேஜையில் ஒரு நாணயம். அதை நகர்த்து என்கிறார். சிறுவனால் முடியவில்லை. தாயை அழைத்துவந்து நிறுத்தி, மூன்று எண்ணுவதற்குள் நாணயம் நகர வேண்டும் என்கிறார். அந்தத் தாய் மகனைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுட்டுவிடுகிறார். முதலில் மேஜைமேல் இருக்கும் மணி நசுங்குகிறது. பிறகு அலமாரி, பிறகு காவலர்களின் தலைக்கவசங்கள் தலையோடு. அவனைச் சுற்றி அறையே உருக்குலைகிறது. பேக்கன் ஆனந்தமாகச் சிரிக்கிறார். கடைசியில் அந்த நாணயத்தை அவன் கையிலேயே வைத்து அனுப்புகிறார்.

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

வளர்ந்த எரிக்காக மைக்கேல் ஃபாஸ்பெண்டர்! ஜெனீவா வங்கியில் பிரெஞ்சு, அர்ஜென்டினா மதுக்கடையில் ஸ்பானிஷும் ஜெர்மனும். அந்த மதுக்கடைக் காட்சியில் அவர் பீர் குடித்துக்கொண்டே இரண்டு முன்னாள் நாஜிகளிடம் சிரித்துப் பேசுகிறார். பேச்சு நகர நகர எதிரில் இருப்பவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். எரிக் குரலை உயர்த்துவதே இல்லை.

ஜூன் 12, ஞாயிறு

காலை முழுவதும் ஒரே காட்சிதான் மனத்தில் ஓடுகிறது. சார்லஸின் மாளிகைத் தோட்டம். தொலைவில் பிரமாண்டமான செயற்கைக்கோள் அலைவாங்கி. அதைத் திருப்பு என்கிறார் சார்லஸ். எரிக் முயல்கிறான், முடியவில்லை. கோபம் மட்டும் போதாது என்று சொல்லி, சார்லஸ் அனுமதி கேட்டு அவன் மனத்துக்குள் போகிறார். அங்கே எரிக் மறந்தே போயிருந்த ஒரு நினைவு: தாயும் சிறுவனும் சேர்ந்து யூதர்களின் ஹனுக்கா பண்டிகை மெழுகுவத்திகளை ஏற்றும் மாலை. இருவர் கண்ணிலும் நீர். மிக அழகான நினைவு, நன்றி என்கிறார் சார்லஸ். இப்போது அலைவாங்கி மெல்லத் திரும்புகிறது. எரிக் குழந்தையைப் போலச் சிரிக்கிறான்.

சாகசப் படங்களில் வலிமை எப்போதும் வெறியிலிருந்தே வரும், யாராவது செத்தால்தான் நாயகன் கை ஓங்கும். இங்கே இழந்த தாயின் அன்பு திரும்பக் கிடைத்ததால் ஒருவனுக்கு வலிமை கூடுகிறது. அதைக் கொடுத்தவன் நண்பன். இவ்வளவு மென்மையான காட்சியை இந்த வரிசைப் படங்களில் நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

ஜூன் 14, செவ்வாய்

பழைய படங்களோடு இந்தப் படம் முரண்படும் இடங்களைப் பற்றிக் கேட்டு ஒரு நண்பர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உண்மைதான். 2006 படத்தில் சார்லஸும் எரிக்கும் சேர்ந்தே நடந்துபோய்ச் சிறுமி ஜீனைச் சந்திக்கிறார்கள். இந்தப் படமோ 1962-லேயே இருவரையும் பிரித்து, சார்லஸின் நடையையும் பறித்துவிடுகிறது. ஆற்றல் உள்ளவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் செரிப்ரோ இயந்திரத்தை எரிக்கும் சேர்ந்து கட்டியதாக முதல் படத்தில் சொன்னார்கள், இங்கே அதைச் செய்திருப்பவன் ஹாங்க் என்ற இளம் விஞ்ஞானி. எனக்கு இதில் வருத்தமில்லை. நல்ல படத்துக்காகச் சுமாரான படத்தின் கணக்கை அழிக்கலாம்.

மேக்னட்டோவின் இறந்தகாலமே பிற்பாடு எழுதப்பட்டதுதானே? 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் எக்ஸ்-மென் காமிக்ஸின் முதல் இதழில் அவனை உலகை ஆள நினைக்கும் வில்லனாகத்தான் கொண்டுவந்தார்கள். வதைமுகாமிலிருந்து தப்பியவன் என்ற வரலாற்றை 1981-இல் கிறிஸ் கிளேர்மான்ட் கொடுத்தார். அதன்பிறகுதான் அவன் சொல்வதற்குக் காது கொடுக்க வேண்டியதாயிற்று.

படத்தின் உச்சக்கட்டத்துக்குப் பின்னணியான கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றியும் இரவு படித்தேன். துருக்கியில் அமெரிக்க ஏவுகணைகள், பதிலுக்குக் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள், 1962 அக்டோபர் 22 அன்று தொலைக்காட்சியில் கென்னடியின் உரை. படம் இவற்றையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு, இரு நாடுகளையும் இதற்குள் இழுத்துவிட்டது ஷா என்று மட்டும் மாற்றியிருக்கிறது. நிஜத்தில் அக்டோபர் 27 அன்று பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோவை ஏவக் கேப்டன் முனைந்தபோது, வசிலி அர்ஹீபவ் என்ற அதிகாரி சம்மதிக்க மறுத்திருக்கிறார். கடலுக்கடியில், தாங்க முடியாத வெப்பத்தில், மேலே அமெரிக்கக் கப்பல்கள் வெடிகுண்டு போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மனிதர் மாட்டேன் என்றார்.

ஜூன் 18, சனி

மறுபடி பார்த்தோம். முதல் முறை என்னை உறுத்தியது எது என்று இன்று பிடிபட்டது.

அமெரிக்க, சோவியத் கடற்படைகள் இரண்டும் சேர்ந்து, இவர்கள் நிற்கும் கியூபாக் கடற்கரையை நோக்கி ஏவுகணைகளை வீசுகின்றன. எரிக் அவற்றை வானத்திலேயே நிறுத்தி, வந்த வழியே திருப்புகிறான். சார்லஸ் கெஞ்சுகிறார். கப்பல்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள், அப்பாவிகள் என்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் கட்டளைக்குத்தான் கீழ்ப்படிகிறார்கள் என்று சேர்த்துவிடுகிறார்.

எரிக்கிடமா? நாஜிகளை விசாரித்த நியூரம்பர்கில் குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒலித்த வாதம் அது. எரிக்கின் தாயை அந்த அறைக்கு இழுத்துவந்த காவலர்களும் கட்டளைக்குத்தான் கீழ்ப்படிந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் தயவில் ஏற்கெனவே இருந்தவன் நான், இனி ஒருபோதும் இல்லை என்கிறான் எரிக். அந்தக் கணத்தில் நட்பு முடிந்துவிடுகிறது. தோட்டா சார்லஸின் முதுகில் பாய்வது அதற்குப் பிறகுதான்.

சார்லஸ் அந்த மனத்துக்குள் போய்வந்தவர், மெழுகுவத்திகளைப் பார்த்தவர், அந்த வலிக்கு அழுதவர். சற்றுமுன்புதான் எரிக் அதே நாணயத்தை, அதே மூன்று எண்ணிக்கையோடு ஷாவின் நெற்றி வழியாகச் செலுத்தியபோது, ஷாவின் மனத்தைப் பிடித்துவைத்திருந்த சார்லஸ் வலி தாங்காமல் அலறினார். ஒருவனைப் பற்றி இதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அத்தனையும் தெரிந்தவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வருகிறது. வசதியான மாளிகையில் வளர்ந்தவர், உலகம் அடிப்படையில் நல்லது என்று நம்புகிறவர். வேறொருவரின் நினைவைப் பார்த்துவிடலாம், அந்த நினைவோடு அவர் எழுந்து நடமாடிய நாட்களைப் பார்த்துவிட முடியுமா? சார்லஸாக நடிக்கும் ஜேம்ஸ் மெக்கவாய் அதைச் சொல்லும்போது முகத்தில் துளி கள்ளமில்லை. அதனால்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஜூன் 19, ஞாயிறு

காலை காப்பியோடு தொடங்கிய விவாதம் மதியம்வரை ஓடியது. தம்பி சார்லஸ் பக்கம். "அப்படியானால் கப்பலில் இருந்தவர்கள் சாகட்டும் என்கிறாயா அக்கா?" என்றான். இல்லை. எரிக் ஏவுகணைகளைத் திருப்பியது பெரும் பாவம். ஷாவைக் கொல்வதற்கு முன், நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஏற்கிறேன், ஆனால் நீ என் தாயைக் கொன்றவன் என்கிறானே, தாயைக் கொன்றவனின் கொள்கையை அவன் எடுத்துக்கொண்டு போவதுதான் இந்தப் படத்தின் பெரிய துயரம். ஆனால் அவனைத் தடுக்க ஒரே ஒருவரால் முடிந்திருக்கும், அவருக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

ரேவனைப் பார், என்றேன். சமையலறையில் திருட வந்த, நினைத்த உருவத்துக்கு மாறக்கூடிய அந்த நீலச் சிறுமியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார் சார்லஸ், அவள் மனத்தை ஒருநாளும் படிக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறார். படிக்காத அந்த மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. சொந்த உருவத்தில் அவள் முன்னால் வந்து நின்றால் உடை உடுத்திக்கொள் என்கிறார். மறைக்காதே, நீ இருக்கிறபடியே நில் என்று அவளிடம் சொன்னவன் எரிக்தான். அவள் அவனோடு போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தம்பி இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

ஒரு கோபத்தையும் பதிவுசெய்ய வேண்டும். எந்த ஆபத்துக்கும் உடலைத் தகவமைத்துக்கொள்ளும் டார்வின் முதலில் சாகிறான். குழுவிலிருந்த ஒரே கறுப்பின இளைஞன். ஒதுக்கப்பட்டவர்களின் கதை என்று ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் எக்ஸ்-மென்னில், 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடக்கும் படத்தில், இதை யாரும் யோசிக்கவில்லையா? அவன் பிழைக்காமல் போவதற்கு அவன் ஆற்றலுக்குள்ளேயே காரணமும் இல்லை.

அடுத்த பாகம் வந்தால் எனக்குச் சண்டைகள் குறைந்தாலும் பரவாயில்லை. ஃபாஸ்பெண்டரும் மெக்கவாயும் ஒரு மேஜையில் எதிரெதிரே உட்கார வேண்டும், அந்த வாக்கியத்தை எரிக் எடுக்க வேண்டும், சார்லஸ் பதில் சொல்லியாக வேண்டும்.