நான்காவது மெழுகுவர்த்தி

“நாலையும் ஏத்திடுங்க சிஸ்டர். நாலாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் இருக்கமாட்டேன்.”

“இந்த வாரம் ஒண்ணுதாம்மா.”

வார்டில் படுக்கையில் இருந்த ஓர் அம்மா கேட்டார், நான் மறுத்தேன். நான்கையும் பற்றிய பேச்சு இவ்வளவுதான். 2023 டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு.

சொன்னது தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். முதல் இரண்டு வாரம் ஊதா, மூன்றாவது ரோசா, கடைசியில் மறுபடி ஊதா என்று வாரத்துக்கு ஒன்றாக ஒளி கூடுவதில்தான் நான்கு மெழுகுவர்த்திகள் நிற்கும் அந்த இலை வளையத்தின் பொருளே இருக்கிறது. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் லுத்தரன் இறையியலாளர் விக்கெர்ன் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தியதும், கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவர்கள் கண்ணால் பார்க்கத்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றிவிட்டால் எண்ணுவதற்கு என்ன மிஞ்சும்?

எண்ணுவதற்கு நாள் இருப்பவர்களுக்கான கணக்கு அல்லவா இது?

அந்த ஆண்டு நான்காம் ஞாயிறே டிசம்பர் 24. மாலையில் கிறிஸ்துமஸ் வழிபாடு தொடங்கிவிடும். நான்காவது மெழுகுவர்த்திக்கு ஒரு முழு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதற்காகவா அத்தனை கண்டிப்பு? அதுவும் ஆக்சிஜன் ஓடும் வார்டில் நெருப்பே கூடாது. எங்களுடையவை பேட்டரி மெழுகுவர்த்திகள். விரலால் தள்ளினால் எரியும். (சனிக்கிழமையே நான்கையும் எரியவிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒன்று மங்கினாலும் நோயாளி அதைத் தன்னோடு சேர்த்துப் பார்க்கிறார். பச்சை இலையும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூஞ்சை ஆபத்து. துடைக்கக்கூடிய செயற்கை இலை போதும்.)

முதல் மெழுகுவர்த்தியை எதிர்நோக்கு என்று அழைப்பது வழக்கம். அது வழிபாட்டு விதியல்ல, பின்னால் சேர்ந்த பெயர். அன்றைய நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும் வேளையிலோ, காலையிலோ, தெரியாது, விழித்திருங்கள். அதை அந்த அம்மாவுக்கு வாசித்து முடித்த வாயால்தான் அடுத்த ஞாயிறு வரட்டும் என்றேன். நற்செய்தியைச் சரியாகக் கேட்டவர் அவர்தானோ?

அவர் வற்புறுத்தவில்லை. “அப்போ அந்த ஒண்ணையாவது எனக்குத் தெரியுற மாதிரி வைங்க” என்றார். வளையம் தலைமாட்டு அலமாரியில் இருந்தது. வந்து போகிறவர்களுக்குத் தெரியும், படுத்திருப்பவருக்குத் தெரியாது. கால்மாட்டு மேசைக்கு மாற்றி, அடியில் இரண்டு பெட்டி கொடுத்து உயர்த்தினோம். தலையணையில் என் தலையைத் தாழ்த்திப் பார்த்த பிறகுதான் எவ்வளவு உயரம் வேண்டும் என்றே புரிந்தது. இன்று எல்லாப் படுக்கைக்கும் அப்படித்தான் வைக்கிறோம்.

ரோசா நிறத்தை அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு, முதல் ஞாயிறன்று இன்னொருவர் அதையே கேட்டார். யோசிக்காமல் நான்கையும் ஏற்றினேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் டிசம்பர் முழுக்க இருந்தார். இரண்டாம் ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததும் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னைக்கு எதை ஏத்துவீங்க சிஸ்டர்?”