இருபதா, பன்னிரண்டா?

"கயிற்றில் இழுவிசை 20 நியூட்டன்" என்று எழுதிவிட்டு அக்கா மகள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

மேசைமேல் 3 கிலோ வண்டி, உராய்வு இல்லை. கப்பி வழியாகப் போகும் கயிற்றின் மறுமுனையில் 2 கிலோ கல் தொங்குகிறது. g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 10 என்று வைத்துக்கொள்ளலாம். அவள் போட்ட கணக்கு: கல்லின் எடை 20, அதனால் கயிற்றின் இழுவிசையும் 20.

பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது!

ஒன்றே ஒன்று கேட்டேன். கயிறு கல்லை 20 நியூட்டனில் மேலே பிடித்திருந்தால், நின்றிருந்த கல் எப்படிக் கீழே இறங்க ஆரம்பிக்கும்?

பென்சில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கல்லை மட்டும் தனியாக வரைந்து, மேலே ஓர் அம்பு, கீழே அதைவிட நீளமாக ஓர் அம்பு போட்டாள். அப்புறம் கடகடவென்று வந்தது: 20 நியூட்டன் மொத்தம் 5 கிலோவை நகர்த்துகிறது, முடுக்கம் 4, வண்டியை இழுக்க 3 × 4, அதாவது 12 நியூட்டன் போதும்.

நியூட்டன் 1687இல் எழுதிய இரண்டாம் விதியை (விசை = நிறை × முடுக்கம்) எல்லோருக்கும் ஒப்பிக்கத் தெரியும், ஆனால் எந்த விசை எந்தப் பொருளின்மேல் என்று பிரித்துப் பார்க்கத்தான் யாரும் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை. அவள் கல்லுக்கு வரைந்த மாதிரியான தனித்த பொருள் விசைப்படத்தை மதிப்பெண்ணுக்கான அலங்காரம் மாதிரி கடைசியில் வரைகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக் கணக்கு அந்தப் படம்தான்.

சரி, இப்போது மேசைக்கு 0.2 உராய்வுக் குணகம் கொடுங்கள். கயிற்றின் இழுவிசை கூடுமா, குறையுமா? கணக்குப் போடாமல் சொல்லுங்கள் பார்ப்போம்.