கல்லடியில் ஒரு கறுப்பு அறை

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீடு. என் அறையைக் கோதிக் பாணிக்கு, அதாவது ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைப் போல இருண்ட பாணிக்கு, மாற்றப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டார்: "ஆருக்குப் பிள்ளை செத்தவீடு?" கறுப்புச் சுவர் வீட்டுக்கு ஆகாது என்று இரண்டு கிழமை இதே கதைதான். சாமித்தட்டு இருக்கும் சுவரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பிறகே விட்டார்.

ஆவணியில் தொடங்கினேன். கட்டிலுக்குப் பின்சுவருக்கு மட்டும் மினுக்கமில்லாத கறுப்பு எமல்ஷன், இரண்டு பூச்சு. அறை அடுப்பாகிவிடும் என்று பார்த்தவரெல்லாம் பயம் காட்டினார்கள். வெயில் படாத உட்சுவர், சூட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெளிச்சம்தான் போய்விட்டது. வெள்ளை ரியூப் லைட்டைக் கழற்றி, மஞ்சள் பல்ப் மூன்றை மூலைகளில் தாழ்வாக வைத்தேன். அப்புறம்தான் அறை பார்க்கும்படி வந்தது. திரைச்சீலைக்கு வெல்வெட் வேண்டாம், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். மருதமுனைக் கைத்தறியில் கருஞ்சிவப்பு எடுத்தேன்.

கறுப்பை யாரும் பூசலாம். பார்த்தவுடன் கோதிக் என்று தெரியவைப்பது கூர்வளைவு, உச்சி கூராக முடியும் வளைவு. யன்னலுக்கு மேல் வைக்க, பிளைவுட் பலகையில் கீழே 3 அடி நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, இரண்டு முனையிலும் ஆணி அடித்தேன். 3 அடி நூலை ஒரு ஆணியில் கட்டி, மற்ற முனையிலிருந்து மேலே ஒரு வில். மறுபக்கமும் அப்படியே. இரண்டும் சந்திக்கும் இடம்தான் கூர்முனை, உயரம் 31 அங்குலம் வரும். முதல் தரம் ஆணியை நடுவில் அடித்து, அரைவட்டமாக வரைந்து வெட்டி, நல்ல பலகை ஒன்றைப் பாழாக்கினேன். இரண்டாவது பலகையை வெட்டக் காத்தான்குடியில் மரவேலை செய்யும் ஓடாவி நானாவிடம் போனேன். கோட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்கட பள்ளிவாசல் யன்னல்தானே தங்கச்சி?" என்றார். இல்லை நானா, இது ஐரோப்பியக் கோதிக் என்று பெரிதாக விளக்கினேன்.

வீட்டுக்கு வந்து தேடினால் நானா சொன்னதில் விசயம் இருக்கிறது. பாரிசுக்குப் பக்கத்தில் கோதிக் பாணியின் ஆரம்பம் என்று சொல்லப்படும் சென் டெனி தேவாலயத்தின் பகுதி 1144இல் திறக்கப்பட்டது. கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசல் 879இலேயே கட்டி முடிந்துவிட்டது. அதிலே வரிசை வரிசையாகக் கூர்வளைவுகள்! பலகையை எடுக்கப் போனபோது சொன்னேன். நன்றாகச் சிரித்தார், கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை.

வளைவின் ஓரப் பூவேலைக்குப் பழைய பேப்பரை ஊறவைத்து, கூழாக்கி, பசையோடு பிசைந்து ஒட்டினேன். "ஏமாற்று வேலை" என்றான் தம்பி. 18ஆம் நூற்றாண்டில் லண்டனுக்கு அருகே ஸ்ட்ரோபெரி ஹில் வீட்டைக் கோதிக் பாணிக்கு மாற்றிய ஆங்கிலேயப் பிரபு, எழுத்தாளர் ஹொரேஸ் வோல்போல், அதன் பெரிய கூடத்து முகட்டைக் காகிதக் கூழில்தான் செய்வித்தார். பிரபு செய்தால் கலை, நான் செய்தால் ஏமாற்றா?

பிறகு மாரி வந்தது. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். தையில் மழை விட்டுச் சுவர் காயத் தொடங்க, கறுப்பின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை பூத்தது. உப்பு. நிலத்து ஈரம் சுவருக்குள் ஏறி, மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. வெள்ளைச் சுவரில் இத்தனை வருடமும் அது கண்ணில் படவேயில்லை. நான் ஈரத்துணியால் துடைத்தேன், அதுதான் பிழை. கரைந்த உப்பு உள்ளே போய் இரண்டு நாளில் திரும்பி வந்தது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டித்தான் எடுக்க வேண்டும். எமல்ஷனும் கொப்பளித்து உரியத் தொடங்கியது.

பங்குனியில் கீழ் மூன்று அடியையும் சுரண்டினேன். ஈரம் வெளியேற வழிவிடும் பூச்சு வேண்டும், அதற்குச் சுண்ணாம்புதான் சரி. நீற்றிய சுண்ணாம்பில் தரைக்குப் போடும் கறுப்புச் சாயத்தூளைக் கலந்து மெல்லிதாக மூன்று பூச்சு அடித்தேன். ஈரத்தில் கறுப்பாக இருந்தது, காய்ந்ததும் வெளிறிய சாம்பலாகிவிட்டது. ஒரு மணித்தியாலம் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் மஞ்சள் பல்பைப் போட்டால், பிரஷ் கோடுகளும் திட்டுத் திட்டான நிறமுமாக, அசல் பழைய கல்லுச் சுவர்.

மேலே இருக்கும் கறுப்பையும் சுரண்டலாமா என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.