வைரஸ் நுழையாத செல்

எலி மூளையை 300 மைக்ரோமீட்டர் கனத்தில் சீவி, ஆக்சிஜன் குமிழியிடும் கரைசலில் போட்டுவிட்டால் அன்று மாலைவரை அந்தச் செல்கள் தாங்கும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழலை நியூரானின் சவ்வில் வைத்து மெல்ல உறிஞ்சுவோம். மின்தடை கிடுகிடுவென ஏறி ஜிகாஓமைத் தொட்டால் 'சீல்' கிடைத்துவிட்டது: குழலும் சவ்வும் கசிவில்லாமல் ஒட்டிக்கொண்டன, இனி செல்லின் மின் துடிப்பைப் பதிவு செய்யலாம். முதல் மாதத்தில் எனக்குப் பத்துக்கு இரண்டு கிடைத்தால் அதிகம்.

நான் பார்த்தது எச்.ஐ.வி தயாரிக்கும் டாட் (Tat) என்ற புரதத்தை. வைரஸ் பொதுவாக நியூரானுக்குள் போவதில்லை. மூளையிலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியா, மேக்ரோஃபேஜ் ஆகியவற்றில்தான் குடியிருக்கும். அங்கிருந்து வெளியேறும் டாட், பக்கத்து நியூரான்களில் கால்சியம் நுழையும் வாசல்களை அதிகமாகத் திறக்க வைக்கிறது. முன்மூளைப் புறணியில் நான் பதிவு செய்யும் பிரமிடு வடிவ நியூரான் ஓய்வில் ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டில் இருக்கும். டாட் பட்டபின், முன்பு கொடுத்த அதே மின்னோட்டத்துக்கே கூடுதல் துடிப்புகள் வரும். திரையில் முட்கள்போல் தெரியும் அந்தத் துடிப்புகள் நெருங்கி வந்ததைப் பார்த்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

பதிவுகளைக் காட்டியதும் சீனியர் அக்கா கேட்டது ஒன்றுதான்: "சூடாக்கின டாட் போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. சூட்டில் செயலிழந்த டாட்டும் அதே விளைவைத் தந்தால், நான் பார்த்தது புரதத்தின் வேலையே அல்ல. கரைசலின் குறையாகவோ, சோர்ந்துபோன செல்லாகவோ இருக்கலாம். மூன்று வாரப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை சூடாக்கியதற்குச் செல் அசையவில்லை. எல்-வகைக் கால்சியம் வாசலை அடைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது சூடாக்காத டாட்டாலும் துடிப்பைக் கூட்ட முடியவில்லை. வைரஸின் மேலுறைப் புரதமான ஜிபி120 விஷயத்தில் இதே கால்சியம் கதை 1990-லேயே வெளிவந்தது.

இந்த வேலை எனக்கு முக்கியம். கூட்டு மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. ஆனால் செல்லின் மரபணுவில் ஏற்கெனவே பதிந்துவிட்ட வைரஸ் டாட்டைத் தயாரிப்பதை அவை நேரடியாகத் தடுப்பதில்லை. ரத்தத்தில் வைரஸே தென்படாதவர்களில் சிலருக்கும் மறதி வருகிறது.

இந்தியாவில் அதிகம் பரவியிருப்பது எச்.ஐ.வி-யின் சி வகை. அதன் டாட்டில் 31-ஆவது இடத்தில் பெரும்பாலும் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் செரின் இருக்கும். அந்த ஒரு மாற்றத்தால் அது, கால்சியத்தை உள்ளே விடும் இன்னொரு வாசலான என்எம்டிஏ ஏற்பியைக் குறைவாகவே தூண்டுகிறது. இப்போது சிஸ்டைன் உள்ள டாட், செரின் உள்ள டாட் இரண்டையும் அடுத்தடுத்துப் பதிவு செய்கிறேன். எந்தக் குழாயில் எது இருக்கிறது என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.