ஆலிவ் பருவத்தில் ஜுர்ஜுரா மலையில் ஒரு பால்வாடி

அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து தீஸி ஊஸு நகரம் வரை ரயிலிலேயே போய்விடலாம், சுமார் நூறு கிலோமீட்டர்தான். அதற்கப்புறம் முழுக்க மலை. லர்பா நாத் இராதென் வழியாக அயின் எல் ஹம்மாம் போகும் சாலையில் வளைவுக்கு வளைவு ஒரு ஊர் தெரியும். இந்த மலைப்பகுதிக்குக் கபிலியா என்று பெயர், இங்கே வாழும் பெர்பெர் இனத்தவர் கபிலியர்கள். அவர்களின் ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கில் இல்லை, முகட்டின் மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. எதிரே ஜுர்ஜுரா மலைத்தொடர். அதன் உச்சியான லல்லா கதீஜாவின் உயரம் 2308 மீட்டர்.

நான் போனது நவம்பரில், ஆலிவ் அறுவடை தொடங்கும் சமயம். வீட்டுக்கு வீடு பெண்கள் விடியற்காலையிலேயே சரிவுத் தோப்புகளுக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆண்களில் பலர் அல்ஜியர்ஸிலோ பிரான்ஸிலோ வேலையில் இருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாகவே இந்த மலையிலிருந்து பிரான்ஸுக்கு ஆள் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான் பார்க்கப் போனதே அதைத்தான்.

இங்கே எந்த ஊருக்குள் போவதாக இருந்தாலும் ஊர்க்கமிட்டியிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. தஜ்மாத் என்ற ஊர்ச்சபை கபிலியாவில் மிகப் பழைய அமைப்பு. தண்ணீர்க் குழாய், பாதை, கல்லறைத் தோட்டம், சாவு வீட்டுச் செலவு, எல்லாம் அதன் பொறுப்பு. ஊரில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் சந்தா கட்டுகிறார்கள். பெரிய வேலை வந்தால் எல்லோரும் சேர்ந்து இறங்கிச் செய்வதற்குத் திவீஸி என்று பெயர். தீஸி ஊஸு மாகாண சபைத் தலைவராக இருந்து 2006-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ரபா அயிஸ்ஸாத்தின் பெயரில் மிகச் சுத்தமான ஊருக்கு ஒரு பரிசு கொடுக்கிறார்கள். 2014-ல் அதை வாங்கிய இகெர்ஸாஃபென் ஊரைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். அரசாங்கம் வரட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் இந்த மலையில் குறைவு.

நான் பார்த்த பால்வாடியும் அப்படி வந்ததுதான். ஊர்ப் பணத்தில் கட்டிய சமுதாயக் கூடத்தின் கீழ்த்தளம். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள், பாட்டிமார்கள் முறை போட்டு வருகிறார்கள். காலையில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் காய்ந்த அத்திப்பழமும், மதியம் கூஸ்கூஸ். ஆலிவ் பருவத்தில் மட்டும் சாயங்காலம் இருட்டும் வரை திறந்திருக்கிறது, ஏனென்றால் அம்மாக்கள் தோப்பிலிருந்து ஏறி வர அவ்வளவு நேரம் ஆகிவிடும். நேரத்தை அம்மாக்களின் வேலையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

முன்பெல்லாம் கைக்குழந்தை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் தொட்டிலில் கிடக்கும், அம்மா தறியில் உட்கார்ந்தபடியே அதை ஆட்டிவிடுவாள். தவழ ஆரம்பித்த பிறகு பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று கை மாறி வளரும். அந்தக் கூட்டுக் குடும்ப வீடுகள் இப்போது தனித்தனி கான்கிரீட் வீடுகளாகிவிட்டன. கை மாற்றிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்ததை ஊர் ஒரு கூடத்துக்கு எடுத்து வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

மொழி விஷயத்தையும் சொல்லவேண்டும். அல்ஜீரியாவில் ஆறு வயதில் பள்ளி, அதற்கு முன் ஐந்து வயதில் ஆயத்த வகுப்பு. பாடமொழி அரபு. கபிலிய மொழியைத் தன் ஒரு கிளையாகக் கொண்ட பெர்பெர் மொழியான தமஸிக்த், பள்ளிக்குள் சுலபமாக வரவில்லை. 1980-ல் தீஸி ஊஸுவில் கபிலிய எழுத்தாளர் மூலூத் மம்மெரியின் உரையை அரசு தடை செய்ததும் கிளர்ச்சி வெடித்தது. 1994-ல் தொடங்கிக் கபிலியப் பிள்ளைகள் ஒரு கல்வியாண்டு முழுவதும் பள்ளியைப் புறக்கணித்தார்கள். அதன் பிறகுதான் 1995-ல் மொழிக்கென ஓர் உயர் ஆணையம் வந்தது, வகுப்பறையிலும் மொழி நுழைந்தது. 2002-ல் தேசிய மொழி, 2016-ல் ஆட்சிமொழி. ஆனாலும் தமஸிக்த் பாடம் பள்ளியில் தொடங்குவது நான்காம் வகுப்பில்தான். நான்காம் வகுப்பு ரொம்பத் தாமதம். ஒரு குழந்தை கேள்வி கேட்கவும் கோபப்படவும் கற்றுக்கொண்ட மொழி, அது முதன்முதலில் நுழைகிற வகுப்பில் இருக்கவேண்டும். அந்த இடத்தை இன்றைக்கு நிரப்புவது இந்த மாதிரி ஊர்க்கூடங்கள்தான்.

அங்கே பிள்ளைகள் யிவென், ஸின், க்ராத், குஸ் என்று எண்ணினார்கள். பாட்டியோ ஸின்னுக்குப் பிறகு பேச்சு வழக்கில் உள்ள அரபு எண்களுக்குப் போய்விடுவார். பழைய எண்களைப் புத்தகத்திலிருந்து மீட்டெடுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டியைத் திருத்துகிறார்கள், பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

கதை நேரம்தான் எனக்கு மிகப் பிடித்தது. கபிலியக் கதையைப் பகலில் சொல்லக் கூடாது. சொன்னால் சொல்கிறவரின் பிள்ளைகளுக்குத் தலை வழுக்கையாகும் என்பது பழைய நம்பிக்கை. கதை என்பது இரவில், அடுப்பைச் சுற்றி. பால்வாடியோ பகலில் நடக்கிறது. என்ன செய்வது? ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டார்கள்! அறை இருட்டானதும் ஒரு பாட்டி "மஷாஹோ!" என்றார். பிள்ளைகள் ஒரே குரலில் "தெல்லெம் ஷாஹோ!" என்றார்கள். பிள்ளைகளைத் தின்னும் அரக்கி தெர்யெல் வந்தாள், அவளை ஏமாற்றும் குட்டிப் பையன் ம்கிதெஷ் வந்தான். ஒரு பெண்குழந்தை பயந்துபோய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அப்படியும் கதையை நிறுத்த விடவில்லை. முடிவில், குள்ளநரிகளைக் கடவுள் ஏமாற்றட்டும், நம்மை மன்னிக்கட்டும் என்று சொல்லி ஜன்னலைத் திறந்தார்கள்.

பழைய வழக்கம் எல்லாவற்றையும் நான் கொண்டாடவில்லை. மகனை முதன்முறை சந்தைக்கு அழைத்துப் போய் மாட்டுத் தலை வாங்கி வருவது பெரிய சடங்கு, வளர்ந்து அவன் ஒரு தலைவனாக வேண்டும் என்று. மகளுக்கு அந்த நாள் கிடையாது. தஜ்மாத்தில் உட்கார்வதும் வழக்கப்படி ஆண்கள்தான். ஆனால் இந்தக் கூடத்தைத் தாங்குவது முழுக்கப் பெண்கள், அதுவும் மிகக் குறைந்த ஊதியத்தில். பிள்ளை வளர்ப்பு ஊர் வேலை என்றால் அதைச் செய்பவர்களுக்கு ஊர்ச்சபையில் இடம் வேண்டும், அரசாங்கம் சம்பளமும் தரவேண்டும். அங்கே ஒரு இளம்பெண் இதையே என்னைவிட அழுத்தமாகச் சொன்னார்.

2021 ஆகஸ்ட் காட்டுத்தீ லர்பா நாத் இராதென் பகுதியைக் கடுமையாகத் தாக்கியது. கருகிய ஆலிவ் மரங்களின் அடித்தூரில் புதுத் துளிர் வந்திருப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். அவை மறுபடி காய்க்கச் சில வருடங்கள் ஆகும்.

போக நினைப்பவர்களுக்கு: விசாவை முன்கூட்டியே எடுக்கவேண்டும். ஊர்க்கமிட்டியைத் தெரிந்த ஒருவர் மூலமாகவே போங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். ஏதாவது கொடுக்க விரும்பினால் தீஸி ஊஸு புத்தகக் கடைகளில் கபிலிய மொழியில் சிறுவர் படப் புத்தகங்கள் கிடைக்கும். அவற்றை வாங்கிக் கமிட்டியிடம் கொடுங்கள். வெளிநாட்டு பொம்மையைவிட அது அங்கே அதிகம் பயன்படும்.