டிஸ்க் வந்துவிடும், சாவி வராது: லேப்டாப் மாற்றும்போது செய்ய வேண்டியவை

பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்டுவது பத்து நிமிட வேலை. மாட்டிய பிறகு விண்டோஸ் எழுந்து வருமா என்பதுதான் விஷயம். ஃபைல்கள் அத்தனையும் டிஸ்க்கோடு வந்துவிடும். எதிலிருந்து பூட் ஆக (எழுந்து வர) வேண்டும் என்ற பதிவு, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரைத் திறக்கும் சாவி, உள்ளே நுழையும் பின் நம்பர், லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் இவையெல்லாம் பழைய மதர்போர்டைச் சார்ந்தவை, அங்கேயே நின்றுவிடும். அதனால் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன்பே, பழைய லேப்டாப் உயிரோடு இருக்கும்போதே, முக்கால்வாசி வேலையை முடித்துவிட வேண்டும்.

இங்கே சொல்வது அடிக்கடி வரும் ஒரு மாற்றம். 2014, 2015 வாக்கில் வாங்கிய லேப்டாப்பில் விண்டோஸ் 10 ஓடும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க். போகும் இடம் 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்.

முதலில் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ (படிக்கத் திணறும் பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் இடம் மாற்றும் பேச்சே வேண்டாம். அன்றே டேட்டாவை நகல் எடுத்துவிட்டு வேறு டிஸ்க் வாங்குங்கள்.

அடுத்து பூட் முறை. விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் மென்பொருள்தான் பயாஸ். சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். ‘லெகசி’ என்று இருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. புதிய லேப்டாப்புகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையை மட்டுமே ஏற்கும். எம்பிஆர் டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் தூக்காது. இதற்காக விண்டோஸை அழித்துப் போட வேண்டியதில்லை. விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்து டிஸ்க்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. முதலில் ‘வேலிடேட்’ கட்டளையோடு ஓட்டிச் சோதித்துவிட்டு, அது சரி என்றால் மட்டும் ‘கன்வர்ட்’ கொடுக்க வேண்டும்.

வேலிடேட் தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. கடையில் விண்டோஸ் போடும்போது சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் டி, ஈ இரண்டையும் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் தெரியும். அதுதான் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். அது இருக்கும்வரை கருவி மாற்ற மறுக்கும். பிரைமரி பார்ட்டிஷனும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. டி, ஈயில் உள்ளவற்றை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து உறுதி செய்துவிட்டு, அந்தப் பச்சைக் கட்டத்தையே நீக்கினால் வேலிடேட் தேறும். மாற்றி முடித்ததும் பழைய லேப்டாப்பின் பயாஸிலேயே யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்றி ஒருமுறை பூட் செய்து பாருங்கள். அங்கே எழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு பூட்டுகள். பிட்லாக்கரோ ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ வசதியோ ஓடுகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு, என்கிரிப்ஷனை முழுதாக நிறுத்துங்கள். டிஸ்க் பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

பின் நம்பரை நம்பி இருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த நான்கு இலக்கம் பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது. புதிய லேப்டாப்பில் ‘உங்கள் பின் கிடைக்கவில்லை’ என்று வந்து நிற்கும். மீண்டும் அமைக்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும், அதற்கு இன்டர்நெட் வேண்டும், வைஃபை டிரைவரோ இன்னும் ஏறியிருக்காது. இந்தச் சுழலில் சிக்காமல் இருக்க, முன்கூட்டியே பாஸ்வேர்டு உள்ள ஒரு லோக்கல் அட்மின் கணக்கை உருவாக்கி, அதில் ஒருமுறை உள்ளே போய் வந்துவிடுங்கள்.

கடைசியாக இரண்டு சின்ன வேலை. கன்ட்ரோல் பேனலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் உறக்கநிலையில் எழுதி வைக்கப்படும். வேறு போர்டில் விழித்தால் தடுமாறும். சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் ‘பூட்’ பகுதிக்குப் போய் ‘சேஃப் பூட்’ டிக் செய்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

இனித் திருப்புளி. சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் 9.5 மில்லிமீட்டர் தடிமன் சாதாரணம். புதிய லேப்டாப் 7 மில்லிமீட்டர்தான் ஏற்கும் என்றால் உள்ளேயே போகாது. 7 மில்லிமீட்டர் டிஸ்க் 9.5 இடத்தில் ஆடினால் 2.5 மில்லிமீட்டர் ஸ்பேசர் வையுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் தகரச் சட்டமும் ரிப்பன் கேபிளும் புதிய லேப்டாப்பில் காலியாக விட்ட இடத்தில் பல நேரம் இருக்காது. மாடல் எண்ணைச் சொல்லித் தனியே வாங்க வேண்டும். எம்.2 (குச்சி வடிவ எஸ்எஸ்டிக்கான இடம்) மட்டுமே உள்ள லேப்டாப்பில் இந்த டிஸ்க் மாட்டவே முடியாது, அப்படியே முழு நகல் எடுக்கும் குளோன்தான் வழி. எம்.2 குச்சியை மாற்றுபவர்கள் தங்க முனையைப் பாருங்கள். இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்றால் பெரும்பாலும் அதைவிட வேகமான என்விஎம்ஈ. என்விஎம்ஈக்கு மட்டுமான இடத்தில் சாட்டா குச்சி கச்சிதமாக உட்காரும், ஆனால் பயாஸில் தெரியாது.

மாட்டியபின் வரும் நீலத்திரையில் ‘இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று எழுதியிருந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். டிஸ்க்கோடு பேசும் முறைகள் பல உண்டு. புதிய லேப்டாப்பின் பயாஸில் விஎம்டி அல்லது ரெய்ட் முறை இயக்கத்தில் இருக்கும். பழைய விண்டோஸுக்குத் தெரிந்தது ஏஹெச்சிஐ. கதவு மாறியதால் தன் டிஸ்க்கையே அதற்குத் தெரியவில்லை. விஎம்டியை அணைத்து ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். சேஃப் பூட் வைத்ததும் இதற்காகத்தான்: அந்த முறையில் விண்டோஸ் அடிப்படை ஸ்டோரேஜ் டிரைவர்களையெல்லாம் ஏற்றிப் பார்த்துக்கொள்ளும். உள்ளே போனதும் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். புதிய லேப்டாப்பின் சொந்த எஸ்எஸ்டியில் இன்னொரு விண்டோஸ் இருந்தால், முறையை மாற்றியதும் அதற்கு அதே நீலத்திரை வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் தடவை ‘டிவைஸ்களைத் தயார் செய்கிறது’ என்று சதவீதம் ஏறும். நடுவில் திரை கறுத்துப்போகலாம், தானே ரீஸ்டார்ட் ஆகலாம். கால் மணி நேரமாவது பவர் பட்டனைத் தொடாதீர்கள். யூஎஸ்பி மவுஸ் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். புதிய லேப்டாப்புகளில் இன்டெல் சீரியல் ஐஓ டிரைவர் ஏறும்வரை டச்பேட் அசையாது. சிப்செட், வைஃபை, டச்பேட் மூன்றின் டிரைவர்களையும் முன்பே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மறந்துவிட்டால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி டெதரிங்கில் போட்டு இன்டர்நெட் கொடுக்கலாம்.

லைசென்ஸில் ஒரு நுணுக்கம். 2012க்குப் பிறகு விண்டோஸோடு வந்த லேப்டாப்புகளில் சாவி போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கும். புதிய போர்டில் ஹோம் சாவியும் டிஸ்க்கில் ப்ரோ பதிப்பும் இருந்தால் ஆக்டிவேட் ஆகாது. தனியே வாங்கிய ரீடெய்ல் சாவி என்றால் கூடவே கொண்டுபோகலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், எல்லாம் நிலைத்ததும் அதே டிஸ்க்கில் 11க்கு ஏற்றிவிடுங்கள். 11ஆம் தலைமுறை அதற்குத் தகுதியானது.

விண்டோஸ் 7 டிஸ்க்கை இந்த லேப்டாப்பில் பூட் செய்ய முயல வேண்டாம். அதில் யூஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. யூஎஸ்பி உறையில் போட்டு ஃபைல்களை மட்டும் எடுங்கள். ‘அனுமதி இல்லை’ என்று கேட்டால் ‘கன்டினியூ’ போதும். டிஸ்க்கில் இருப்பது உபுண்டு (லினக்ஸ்) என்றால் இத்தனை பாடு இல்லை. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு வருகின்றன, டிஸ்க்கையும் யூயூஐடி என்ற அடையாள எண் வழியாகவே தேடுகிறது. என்விடியாவின் தனி கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் முன்பே நீக்கிவிடுங்கள்.

பழைய போர்டு முன்பே போய்விட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து புதிய லேப்டாப்பை எழுப்பி, ஷிஃப்ட்டும் எஃப்10உம் அழுத்தினால் கமாண்ட் திரை வரும். எம்பிஆர்2ஜிபிடி அங்கிருந்தும் ஓடும். பிட்லாக்கர் மீட்புச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்து நுழைந்து, திரையில் காட்டும் சாவி அடையாளத்தோடு ஒப்பிட்டு எடுங்கள். ஒரே கணக்கில் இரண்டு மூன்று லேப்டாப்புகளின் சாவிகள் வரிசையாக இருக்கும், முதல் எட்டு எழுத்துகள் பொருந்துவதுதான் உங்களுடையது.