பழைய சைக்கிளுக்கு கிளிக் கியர் மாட்டின கதை

என் சைக்கிள் 80கள்ல வந்த ஸ்டீல் ஃப்ரேம். முன்னாடி 2, பின்னாடி 6 பல்சக்கரம், கியர் லிவர் ரெண்டும் டவுன் ட்யூப்ல, அதாவது ஃப்ரேம்ல கீழ சாய்வா போற குழாய்ல. கிளிக்லாம் கிடையாது, ஃப்ரிக்ஷன் லிவர். இழுத்துக்கிட்டே போகணும், செயின் ஏறும், கரகரன்னு சத்தம் வரும், அப்பறம் லேசா விட்டுக்குடுத்து சத்தம் அடங்கற எடத்துல நிறுத்தணும். வெந்நீர் விளாவற மாதிரி தான், கை பழகிட்டா ஒண்ணும் கஷ்டமில்ல. எனக்கும் பழகித்தான் இருந்துச்சு. ஆனா ஒருநாள் மேட்டுல அவசரத்துல அரைகுறையா கியர் மாத்திட்டு எழுந்து நின்னு ஒரு மிதி மிதிச்சேன் பாருங்க, செயின் நழுவி முட்டி போய் ஹேண்டில்பார்ல இடிச்சுது, அதோட போதும்டா சாமின்னு ஆயிடுச்சு.

சரி, கிளிக் லிவர் மாட்டிடலாம்னு முடிவு பண்ணி செஞ்ச முதல் வேலையே தப்பு, லிவரை மட்டும் வாங்கிட்டேன். யாரோ கழட்டி வச்ச, சைக்கிள் பார்ட்ஸ் கம்பெனி ஷிமானோவோட 7 கிளிக் டவுன் ட்யூப் லிவர். பழைய லிவர் இருந்த அதே மொட்டுல அழகா உக்காந்துச்சு, அரை மணி நேர வேலை. கடைசி சின்ன சக்கரத்துல செட் பண்ணிட்டு ஒரு கிளிக் இழுத்தேன், மாறுச்சு. அடுத்த கிளிக், மாறுச்சு ஆனா முனகுச்சு. மூணாவதுல செயின் எந்த சக்கரத்துல இருக்கறதுன்னு அதுக்கே தெரியாம நடுவுல ஓடுச்சு.

காரணம் சிம்பிள், நான் தான் முன்னாடியே யோசிக்கல. 7 ஸ்பீட் லிவர் ஒரு கிளிக்குக்கு சுமார் 2.9 எம்எம் கேபிளை இழுக்கும், அந்தக்கால ஷிமானோ டீரெய்லர் (பின்னாடி செயினை ஒரு சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளற சமாச்சாரம்) அதை சுமாரா 1.7 மடங்கா ஆக்கி நகரும், பெருக்கினா கிட்டத்தட்ட 5 எம்எம் வரும். 7 ஸ்பீட்ல ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் அந்த 5 எம்எம் தான். என் பழைய 6 ஸ்பீட் ஃப்ரீவீல்ல, அதாவது பின்னாடி இருக்கற பல்சக்கரக் கொத்துல, அந்த தூரம் 5.5 கிட்ட. கிளிக்குக்கு அரை எம்எம் போனா என்னன்னு தோணும், மூணு கிளிக்ல ஒன்றரை எம்எம் ஆயிடுதே. ஃப்ரிக்ஷன் லிவருக்கு இந்த கணக்கெல்லாம் தேவையே இல்ல, கணக்கு போட்டது நம்ம காது.

கிளிக்குங்கறது லிவருக்குள்ள இருக்கற பொருள்னு நாம நெனைக்கறோம், ஆனா லிவர், கேபிள், டீரெய்லர், பல்சக்கரம் நாலும் ஒத்துப்போனா தான் அது கிளிக். 1984ல ஷிமானோ தன்னோட ட்யூரா ஏஸ் 7400ங்கற பார்ட்ஸ் செட்டுல எஸ்ஐஎஸ்ங்கற பேர்ல இதை கொண்டுவந்தப்போ மொத்தத்தையும் ஒரே செட்டா குடுத்தாங்க. அதுக்கு முன்னாடியும், 70கள்ல, பாசிட்ரான்னு ஒண்ணு விட்டாங்க, அதுல கிளிக் டீரெய்லர்லயே இருக்கும். இன்னொரு சங்கதி, டீரெய்லர்ல செயின் ஓடற ரெண்டு குட்டி சக்கரத்துல மேல இருக்கறது எல்லா பல்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்துல போற மாதிரி டீரெய்லரை சாய்வா வடிவமைச்சது சன்டூர் கம்பெனி, 1964ல. அந்த பேட்டன்ட் முடிஞ்சதும் ஷிமானோ அதை எடுத்துக்கிச்சு. என் சைக்கிள்ல இருந்ததோ அந்த சாய்வு இல்லாத பழைய டீரெய்லர், ஒரு முனையில செயின் ரொம்ப தூரம் அந்தரத்துல தொங்கும். ஆக அதுவும் மாத்தணும்.

ஷிமானோ 7 இல்லன்னா 8 ஸ்பீட் டீரெய்லர் எதுவா இருந்தாலும் இந்த லிவரோட ஒத்துப்போகும், அந்தக்கால ட்யூரா ஏஸ் தவிர, அதோட இழுவை கணக்கு வேற. ஸ்ராம்ங்கற இன்னொரு கம்பெனி டீரெய்லர்ல பெரும்பாலானதுக்கும் கணக்கு வேற தான், கலந்து போட்டு கஷ்டப்படாதீங்க.

7 ஸ்பீட் ஃப்ரீவீல் போட பழைய ஃப்ரீவீலை கழட்டறது தனி யுத்தம். பல வருஷம் மிதிச்சு மிதிச்சு இறுகினது, மிதிக்க மிதிக்க இன்னும் இறுகற மரை அது. ஸ்பேனர் போட்டு தொங்கிப் பாத்தேன், அசையல. அப்பறம் ரிமூவரை வைஸ்ல இறுக்கி புடிச்சு, வீலை அது மேல படுக்க வச்சு, பஸ் ஸ்டியரிங் மாதிரி ரெண்டு கையால ரிம்மை புடிச்சு திருப்பினேன். டொக்னு ஒரு சத்தம், ஸ்போக் தான் போச்சுன்னு நெனச்சேன், நல்லவேளை மரை தான் விட்டுச்சு. ரிமூவர் நழுவாம இருக்க ஆக்சில் நட்டை லேசா போட்டு புடிச்சுக்கணும், மரை விட்டதும் அதை தளர்த்திட்டு தான் மேல திருப்பணும், இல்லன்னா நட்டே தடுத்துக்கிட்டு நிக்கும்.

பின்னாடி ஃப்ரேம் இடைவெளி என்னோடதுல 126 எம்எம், அதுல 7 ஸ்பீட் ஃப்ரீவீல் உக்காரும். 120 இருக்கற இன்னும் பழைய ஃப்ரேம்னா விரிக்கணும், ஸ்டீல் தாங்கும், அலுமினியத்துல அந்த வேலையே வேண்டாம். என்னோடதுல கடைசி சின்ன சக்கரத்துல செயின் ஃப்ரேம்ல உரசுச்சு, ஆக்சில்ல ஒரு எம்எம் வாஷர் போட்டதும் விட்டுடுச்சு. வாஷர் போட்டா ரிம் நடுவுல இருந்து லேசா தள்ளிடும், ஸ்போக்கை டைட் பண்ணி திரும்ப நடுவுக்கு கொண்டுவரணும். செயினும் புதுசு போட்டேன்.

எல்லாம் மாத்தியாச்சு. தம்பியை ஓட்டிப் பாக்க சொன்னேன். ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து, "அண்ணா, ஏறறது சூப்பரா ஏறுது, எறங்க மாட்டேங்குது. ஒருதடவ நான் தொடாமயே மாறிடுச்சு"ன்னான்.

அடுத்த ரெண்டு நாள், கேபிள் இழுவையை கூட்டி குறைக்கற பேரல் அட்ஜஸ்டரை திருகினது தான் மிச்சம். ஏற்றத்தை சரி பண்ணா எறக்கம் கெட்டுப்போகும், எறக்கத்தை சரி பண்ணா ஏற்றம். கடைசியில சைக்கிளை தலைகீழா கவுத்துப் போட்டு, தம்பியை லிவரை மெதுவா இழுக்க சொல்லிட்டு நான் பின்னாடி கண்ணை கிட்ட வச்சு பாத்தேன். டீரெய்லர் நகர்றதுக்கு முன்னாடி, அதுக்கு போற கேபிளோட வெளி உறை, அதாவது அவுட்டர், அந்த சின்ன வளைவு, மூச்சு விடற மாதிரி லேசா நெளிஞ்சுது. லிவரை விட்டா திரும்ப நெளிஞ்சு பழைய எடத்துக்கு வந்துச்சு. பாத்தா அது பிரேக் அவுட்டர்! ஒரு சாண் நீளம், நல்லாத்தானே இருக்குன்னு நான் மாத்தாம விட்டது.

பிரேக் அவுட்டருக்கு உள்ள ஸ்ப்ரிங் மாதிரி சுத்தின கம்பி, இழுத்தா நசுங்கி நீளம் கொஞ்சம் குறையும். பிரேக்குக்கு அது பரவால்ல, கியருக்கு அரை எம்எம்மே பெரிய விஷயம். கியர் அவுட்டர்ல கம்பி நீளவாக்குல போகும், நசுங்காது. ஆனா அதை ஆசைப்பட்டு பிரேக்குக்கு போட்றாதீங்க, பிரேக் இழுவைக்கு பிளந்துக்கும், உயிருக்கு ஆபத்து. புது 4 எம்எம் கியர் அவுட்டர் வெட்டி, முனையை அரத்துல சமமா ராவி, உள்ள நசுங்கின பிளாஸ்டிக் ஓட்டையை ஊசியால விரிச்சு, மூடி போட்டு மாட்டினேன். புது இன்னர் கேபிளும் போட்டாச்சு. முக்கால்வாசி வியாதி அங்கயே தீந்துச்சு.

மிச்ச கால்வாசி, டீரெய்லர் தொங்கற ஹேங்கர். என்னைக்கோ கீழ விழுந்து உள்பக்கமா வளைஞ்சிருக்கு. அதுக்குன்னு அளவுகோல் கருவி இருக்கு, என்கிட்ட இல்ல. ஹேங்கர் மரை 10 எம்எம் விட்டம், 1 எம்எம் பிட்ச், நிறைய பின் ஆக்சிலும் அதே மரை. அதனால கிடந்த ஒரு பழைய பின் வீலோட ஆக்சிலை ஹேங்கர்ல திருகி, ரெண்டு வீலுக்கும் நடுவுல உள்ள தூரத்தை சுத்தி நாலு எடத்துல ஸ்கேல் வச்சு பாத்து, அந்த வீலையே புடிச்சு மெதுவா நெம்பி நேராக்கினேன். ஸ்டீல்ங்கறதால தைரியமா செஞ்சேன்.

அப்பறம் ட்யூனிங்லாம் பத்து நிமிஷம். டீரெய்லர் ரெண்டு பக்கமும் எல்லை தாண்டாம தடுக்கற எச், எல் ஸ்க்ரூ ரெண்டையும் முதல்ல வச்சுட்டு, கேபிளை கட்டி, ஏற தயங்கினா பேரலை ஆன்டிகிளாக்வைஸ், எறங்க தயங்கினா கிளாக்வைஸ், ஒருதடவைக்கு கால் திருப்பு. குட்டி சக்கரம் ரெண்டையும் கழட்டி துடைச்சீங்கன்னா மேல கீழ மாத்தி போட்றாதீங்க, மேல் சக்கரம் பக்கவாட்டுல கொஞ்சம் ஆடறது வேணும்னே வச்சது.

முன்பக்கத்தை ஃப்ரிக்ஷனாவே விட்டுட்டேன். ரெண்டே சக்கரம், செயின் உரசினா லேசா தள்ளிக்கலாம், அதுல கிளிக் வச்சா உள்ள வசதியும் போகும்ங்கறது என் அபிப்ராயம். பின் லிவர்லயும் ஒரு வளையம் இருக்கு, திருப்பினா ஃப்ரிக்ஷனுக்கு மாறிடும், வழியில எங்கயாவது விழுந்து ஹேங்கர் வளைஞ்சா வீடு வந்து சேர அது போதும்.

ஒரு மாசம் ஆச்சு. மேட்டுல ஒரு இழு, டிக், அவ்ளோ தான். குனியறது மட்டும் அப்படியே இருக்கு, லிவர் அதே எடத்துல தானே. கை தான் இன்னும் திருந்தல, டிக் கேட்டதுக்கு அப்பறமும் பழைய பழக்கத்துல லேசா விட்டுக்குடுக்கப் பாக்குது, அப்படி விட்டு விட்டு போன வாரம் ரெண்டு தடவ ஏறின கியர்ல இருந்து நானே எறங்கிட்டேன்.